தொக்கத்தில் வந்த நொய்

எங்கள் பக்கத்தில் களியை மெல்லக் கூடாது. விரலால் கிள்ளி, சாற்றில் புரட்டி, வாயில் போட்டு அப்படியே விழுங்கிவிட வேண்டும். பல் படக் கூடாது. ஓசூரைச் சுற்றிலும், எல்லை தாண்டி மாலூர் வரைக்கும் இதுதான் வழக்கம். தமிழ் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன் என்று வேறு எதில் முட்டிக்கொண்டாலும் களி விழுங்குவதில் எல்லாரும் ஒன்று. வெளியூர்க்காரர் யாராவது வந்து களியை மென்றுவிட்டால் போதும், பந்தியே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். "பாவம், பல்லுக்குப் பசி போல" என்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், விழுங்க முடியாத சீக்கை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஒளிந்து வாழ்ந்தவன் நான். ஒளிந்தது மட்டும் என்றால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. என் சீக்கை இன்னொருத்தி தலையில் கட்டினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சானமாவுக் காட்டை ஒட்டியது. இன்று ஆலைச் சங்கு ஊதுகிற இடமெல்லாம் அன்று ராகிக் கொல்லை. எனக்குப் பதினேழு வயது இருக்கும். அறுப்பு நாளில் ஆட்களோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாய் நெஞ்சுக்கு நடுவில் நின்றுவிட்டது. தொண்டையில் இல்லை, அதற்கும் கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால். தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் இறங்காமல் அதன் மேலேயே நின்றுகொண்டது. எழுந்து வைக்கோல் போருக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். விழுங்கினது விழுங்கின மாதிரியே வந்து விழுந்தது. புளிப்பு இல்லை, கசப்பு இல்லை. வயிற்றையே பார்க்காத சோறு. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னேன்.

அன்றைக்கு ஒரு நாள் என்று நினைத்தேன். பிறகு வாரம் ஒரு தடவை ஆயிற்று, பிறகு தினம் ஆயிற்று. கொஞ்ச நாளில் நானே சில வித்தைகள் கண்டுபிடித்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி முதுகை வளைத்தால் சில நேரம் கடகடவென்று இறங்கும். யாராவது பார்த்தால் சோம்பல் முறிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் என்று ஆரம்பித்தேன். அப்புறம் திங்கட்கிழமை சிவனுக்கு. ஊரில் எனக்குப் பக்திமான் என்று பேர் வந்தது. கோயில் வேலை எதுவானாலும் என்னைக் கூப்பிட்டார்கள். பூசாரி என் நெற்றியில் திருநீறு வைக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அப்பா போய்விட்டார். நான் ஒரே பையன், எனக்குக் கீழே ஒரு தங்கை. சோறு இறங்காதவன் என்று பேர் வந்தால் எனக்கும் பெண் கிடைக்காது, தங்கைக்கும் மாப்பிள்ளை கிடைக்காது. இது ஒரு காரணம். இன்னொன்று, புற்றாக இருக்குமோ என்று எனக்குப் பயம். சொன்னால் உறுதியாகிவிடும், சொல்லாவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு முட்டாள்தனம். எத்தனை காரணம் சொன்னாலும் கோழைத்தனம் கோழைத்தனம்தான்.

இருபத்து நாலு வயதில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், மாந்தோப்புக்காரர் வீடு. அவளுக்கும் அப்பா அம்மா இல்லை, அண்ணன்தான் எல்லாம். எதற்கும் சட்டென்று சிரித்துவிடுகிற பெண். வந்த மூன்றாம் நாள் அடுப்படியில் ஒரு சின்ன ரகளை நடந்தது. அவள் ஊர்ப் பக்கம் களி கிண்டும்போது முதலில் அரிசி நொய்யை வேகவிட்டு, அதன் மேல் ராகி மாவைப் போடுவார்கள். எங்கள் பக்கம் வெறும் மாவுதான். அம்மா மாலூர்ப் பக்கத்தில் பிறந்தவள், களியை முத்தெ என்பாள். நொய் போட்ட களியைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்துவிட்டாள்.

"என்னாது இது, முத்தெல அரிசி போட்டு வெச்சிருக்கெ? முழுங்கறப்ப நெஞ்சக் கீறாதா?"

"எங்கூர்ல எல்லாரும் இததாங்க அத்தெ முழுங்கறாங்க. ஒருத்தருக்கும் கீறல" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சித்தப்பா வீட்டு ஆண்கள் நாலு பேர் எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டார்கள். நானும் அவர்களோடு உட்கார வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது உருண்டையில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. திரும்பி வந்தபோது நாலு பேரும் தட்டில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சு சாமி?" என்றாள் அம்மா.

ஒரு நொடிதான் யோசித்தேன். "களி கட்டி தட்டிப்போச்சும்மா" என்றேன்.

என் மனைவி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் களித் துடுப்பு. முகத்தில் முதலில் ஒன்றும் புரியாத பார்வை, பிறகு அப்படியே வாடிப்போயிற்று. நாலு பேருக்கும் அதே சட்டியிலிருந்துதான் களி போட்டிருந்தாள். ஒருத்தருக்கும் கட்டி கிடைக்கவில்லை. ஆனாலும் சித்தப்பா, "புதுப் பொண்ணுதானே, கைப்பழக்கம் வரும்" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார். அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சீ, அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுண்டுகிறது.

ஒரு தடவை சொன்ன பொய் நல்ல வசதியாகப் போய்விட்டது. நெஞ்சு அடைத்த போதெல்லாம் அதையே சொன்னேன். கட்டி தட்டிவிட்டது, வேகவில்லை, தீய்ந்துவிட்டது, நொய் குத்துகிறது. அவள் நொய் போடுவதை நிறுத்தினாள். மாவை வெள்ளைத் துணியில் இரண்டு தரம் சலித்தாள். சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கிண்டிக் கிண்டித் தோள் வீங்கிப் போயிற்று. அவள் களி வெண்ணெய் மாதிரி இருக்கும். இதை நான் அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருநாள் கூழ் குடித்துவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் குனிந்து நின்றபோது பின்னாலேயே வந்துவிட்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, கூழும்தானே நிக்குது உங்களுக்கு? மோரும் நிக்குது. அதுல என்னாங்க கட்டி?"

பிடிபட்டுவிட்டேன். பிடிபட்ட திருடன் செய்வதையே நானும் செய்தேன். சத்தம் போட்டேன். "எனக்கே எதுத்துப் பேசறயா? ஒழுங்கா ஆக்கத் துப்பில்ல, வாய் மட்டும் நீளுது" என்று கத்தி, கையில் இருந்த சொம்பை விட்டெறிந்தேன். அம்மா ஓடி வந்தாள். மருமகள் எதிர்த்துப் பேசினாள் என்பதுதான் அம்மா காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சிரிப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்தில் நான் இளைத்து, விலா எண்ணுகிற அளவுக்கு ஆகிவிட்டேன். அம்மா என்னைத் தொக்கம் எடுக்கிறவளிடம் கூட்டிப்போனாள். சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டால் அதை வெளியே எடுத்துப்போடுகிறவர்கள் அவர்கள். தளிப் பக்கம் ஒரு கிழவி அதில் பேர் போனவள். இரண்டு நாள் வெறும் மோர் மட்டும் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றிலிருந்து நெஞ்சு வரை நீவிவிட்டு, தொண்டைக்குழியில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினாள். பிறகு பூவரச இலையில் எதையோ துப்பி அம்மாவிடம் நீட்டினாள்.

கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. அதில் வெள்ளை வெள்ளையாக நொய்.

"பாரு தாயி. மாசக்கணக்கா நெஞ்சுல ஒக்காந்திருக்கு" என்றாள் கிழவி.

எங்கள் வீட்டில் நொய் போட்டுக் களி கிண்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு நாளாக நான் மோரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. அந்தக் கட்டி கிழவியின் வாயிலிருந்து வந்ததே தவிர, என் நெஞ்சிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்துவிட்ட முகம். நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அந்தக் கட்டியை இலையோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராகக் கிணற்றடிக்குப் போனாள். பெண்கள் எல்லாம் தண்ணீர் சேந்துகிற நேரம். என் மனைவியும் அங்கேதான் குடத்தோடு நின்றிருந்தாள். அம்மா இலையைப் பிரித்து ஒவ்வொருத்தி முகத்துக்கு நேராகவும் காட்டினாள்.

"பாருங்கடி. வேணாம் வேணாம்னு சொல்லியும் திருட்டுத்தனமா நொய்யப் போட்டு எம்பையன் நெஞ்ச அடச்சி வெச்சிருக்கா. எம்பையனக் கொல்லப் பாத்திருக்கா."

நான் பத்தடி தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தேன். என் மனைவி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். அங்கே யாரோ கட்டியிருந்த மாடு ஒன்று நின்றது. நான் குனிந்து அதன் காலைத் தூக்கி லாடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மாடு என்னுடையதுகூட இல்லை.

அந்த வாரமே அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். சண்டை போடுவான் என்று பயந்தேன். அவன் தங்கையின் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "வரட்டுங்களா மாப்ளே" என்று மட்டும் கேட்டான். வண்டி போயிற்று.

அதற்குப் பிறகு அம்மாதான் களி கிண்டினாள். ஒரு நொய் இல்லை, ஒரு கட்டி இல்லை. அதுவும் நெஞ்சில் நின்றது. நாலைந்து மாதம் பார்த்துவிட்டு, "உள்ளயே ரணம் பண்ணிட்டுப் போயிட்டா பாவி" என்று அம்மா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைசியில் கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் நடக்கவே தள்ளாடியபோது, என்னைப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு கண்ணாடித் தம்ளரில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஏதோ ஒன்றைக் குடிக்கச் சொன்னார்கள். இருட்டறையில் மெஷினுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், கன்னடம் பேசுகிறவர். எங்களுக்கும் கன்னடம் தண்ணீர் பட்டபாடு, ஆகையால் மறைக்க வழியில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார், இது எத்தனை வருடமாக இருக்கிறது என்று.

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம்தான் சார். ரெண்டு மூணு வருசமா" என்றேன்.

அவர் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு அதில் ஒரு பெரிய வெள்ளைப் பை தொங்குவதுதான் தெரிந்தது. அடியில் எலிவால் மாதிரி குறுகியிருந்தது. சோறு இறங்குகிற குழாய்தான் அது, கட்டைவிரல் கனம் இருக்க வேண்டியது என்றார். வயிற்று வாசலில் தசை இறுகிக் கிடக்கிறது, திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பதில்லை, சோறு மேலேயே தங்கித் தங்கி குழாய் இப்படித் தொங்கிப்போயிருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் இப்படி ஆகவே ஆகாது.

"நெஞ்சைத் திறக்கப்போகிறவன் நான். என்னிடம் பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்? எத்தனை வருடம்?"

"பதினேழு வயசிலேர்ந்து" என்றேன். குரலே வரவில்லை. அவர் திரும்பவும் கேட்க, இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மா அவரிடம் கேட்டாள், "களில நொய் போட்டா இது வருமா சாமி?"

டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. களியாலும் வராது, நொய்யாலும் வராது, சமைத்தவராலும் வராது என்றார். பிறகு என்ன செய்யலாம் என்று விளக்கினார். ரப்பர் குழாயை விட்டு அந்த வாசலை நெகிழ்த்தலாம், ஆனால் அது திரும்பத் திரும்ப இறுகும், எனக்கு இருக்கிற நிலையில் அதிகம் உதவாது. ஆபரேஷன் என்றால் இடப் பக்கம் விலாவைத் திறந்து, அந்த இறுகின தசையை மட்டும் நீளவாக்கில் கீறிவிட வேண்டும், உள்தோலில் கத்தி படாமல். "செய்தால் சாப்பிடுவாய். செய்யாவிட்டால் இப்படியே வற்றிப்போவாய். மேஜையிலிருந்து எழுந்திருக்காதவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யோசித்து வா" என்று அனுப்பினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இத வூட்ல யார்கிட்டயும் மூச்சு வுடாத. போனவ போனவளாவே இருக்கட்டும். சீக்க மறச்சிக் கட்டி வெச்சோம்னு தெரிஞ்சா, உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

"அம்மா, அவ மேல ஒரு தப்பும் இல்லயே."

"தெரியுதுடா. காது எனக்கும் இருக்குது. இப்ப என்ன பண்ணச் சொல்ற? கெணத்தடில போயி கால்ல வுழச் சொல்றயா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் சாவு பயம் வந்துவிட்டால் யோக்கியனாக வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லி நாள் குறித்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. மேஜையிலேயே போய்விட்டால்? இந்தப் பொய் அவள் தலையில் அப்படியே நின்றுவிடுமே. அம்மாவிடம் சொல்லாமல் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

அவள் அண்ணன் வீட்டு வாசலில் அரிவாள்மணையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், உப்புப் போட்டுக் காயவைப்பதற்கு. என்னைப் பார்த்து எழுந்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பவும் நறுக்க உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வயது, போர்மறைவு, விரதம், படம், டாக்டர். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை.

"தெரியுங்க" என்றாள். "வந்த ரெண்டாவது மாசமே தெரியும். ராத்திரில நீங்க கக்கி நனஞ்ச தலகாணி ஒறையத் தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

ஆபரேஷன் தேதியைச் சொன்னேன். பிழைப்பேனோ மாட்டேனோ, அதனால்தான் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "சாவப் போறவங்க எத வேணும்னாலும் சொல்லுவாங்க. பொழைச்சு வந்து சொல்லுங்க. எங்கிட்ட இல்ல. உங்கம்மா அந்த எலையப் பிரிச்சுக் காட்னாங்களே, அங்க."

ஆபரேஷன் அன்றைக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கூட வந்திருந்த சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள், போனவர்கள்தான். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எனக்கு நினைவு வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் அவள் அண்ணன். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. "தங்கச்சி போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுச்சு மாப்ளே" என்றான். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

பிழைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பால் சாதம் கொடுத்தார்கள். வாயில் போட்டு, பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நிற்கவே இல்லை, இறங்கிப் போய்விட்டது. நர்சம்மா முன்னால் குழந்தை மாதிரி அழுதேன்.

இனிமேல்தான் எழுதக் கூசுகிற இடம். ஊருக்கு வந்தேன். அம்மா எல்லாரிடமும், "அவ குடுத்த ரணத்த டாக்டர் அறுத்து எடுத்துட்டாரு" என்று சொல்லிவைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை. தையல் காயட்டும் என்று முதல் மாதம் போயிற்று. உடம்பு தேறட்டும் என்று அடுத்த மாதம். பிறகு தங்கைக்கு வரன் வந்தது. முடியட்டும், அப்புறம் சொல்லலாம். நிச்சயம் முடிந்தது, கல்யாணம் முடியட்டும். தை மாதம் கல்யாணமும் முடிந்தது. அப்புறமும் ஒரு மாதம், ஆண்பிள்ளை கிணற்றடிக்குப் போய்ப் பெண்கள் முன்னால் நின்று எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். என் உடம்பில் ஓடினது அவள் அண்ணன் ரத்தம். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன். கன்னம் உப்பிவிட்டது.

பங்குனியில் ஒரு காலை, ஏனென்று தெரியவில்லை, எழுந்து நேராகக் கிணற்றடிக்கு நடந்தேன். ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அம்மாவும் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பேச முடியாது என்று கிணற்றுக் கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எம் பொண்டாட்டி களில ஒரு குத்தமும் இல்ல. கண்ணாலத்துக்கு ஏழு வருசம் முன்னாலயே எனக்கு இந்தச் சீக்கு. நாந்தான் மறச்சேன். அன்னிக்கு எலைல காட்டுனது எங்க வூட்டு நொய்யே இல்ல."

கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கையை நிறுத்தாமலே சொன்னாள், "அது எங்களுக்கு அப்பவே தெரியும்ப்பா. நொய்க்களி தின்னா நெஞ்சடைக்கும்னா, கிருஷ்ணகிரில ஒருத்தனும் இருக்க மாட்டானே?"

இரண்டு பேர் சிரித்தார்கள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவ்வளவுதான். பத்து மாதம் நான் பயந்து செத்தது இதற்குத்தான். அம்மா மட்டும் காலிக் குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

என் மனைவியைக் கூட்டிவர அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவள் அண்ணன் கல் இழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான், அவளும் கூடப் போய் ஆட்களுக்குச் சமைக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நடந்தே போனேன்.

தகரக் கொட்டகை. மதிய வேளை. கல் உடைக்கிறவர்களும் மண் சுமக்கிறவர்களும் ஐம்பது அறுபது பேர் வெயிலில் குந்தி உட்கார்ந்து களி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் ஈரக் கையால் உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள். தோள் திரண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"எங்க?"

"கெணத்தடில. எல்லார் முன்னாலயும். அம்மாவும் இருந்தாங்க."

"எப்பங்க?"

"போன வாரம்."

அவள் தலையை ஆட்டினாள். அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாள் அவளுக்குத் தெரியும். பத்து மாதம் என்று எண்ணிப் பார்த்திருப்பாள். கோபப்படுவாள், அழுவாள், திட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். வீட்டுக்கு வா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் கேட்டாள், "இப்ப எறங்குதா உங்களுக்கு?"

அக்கறையாகத்தான் கேட்டாள். சத்தியமாக அக்கறையாகத்தான்.

"எறங்குது."

"அப்ப போய்ச் சாப்புடுங்க. உங்கம்மா பாத்துட்டு இருப்பாங்க" என்றாள். அடுத்த ஆளுக்குக் களி போடத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டு வைத்தாள், சாப்பிட்டேன். ஒரு வாய்கூட நெஞ்சில் நிற்கவில்லை.